வயர் போன இடம் சரிதானா?

கேள்வி: எனக்கு 61 வயது. கூட்டுறவு வங்கியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். இடது காது பதினாறு வருடமாகச் சுத்தமாகக் கேட்பதில்லை. வலது காதில் மெஷின் போட்டிருக்கிறேன், அந்தக் காதும் குறைந்துகொண்டே வருகிறது. ஐந்து மாதத்துக்கு முன்பு இடது காதில் காக்ளியர் இம்பிளான்ட் வைத்தார்கள். 22 எலக்ட்ரோடில் 20 தான் ஓடுகிறது, 1, 2 இரண்டையும் அணைத்துவிட்டார்கள். பேச்சு தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கீச்சென்று இருக்கிறது. வலது காது மெஷினைக் கழற்றினால் பாதிகூடப் புரிவதில்லை. அதனால் இம்பிளான்ட் கருவியை வெளியே போகும்போது மட்டும் போட்டுக்கொள்கிறேன். அதே வாரம் அதே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்ட பெண் ஒருவர் இப்போது போனில் பேசுகிறார். அவருக்கு நாற்பது வயது இருக்கும், கேட்காமல் போய் இரண்டு வருடம்தான் ஆனதாம். என் மகன் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, வயர் தப்பான அறைக்குள் போயிருந்தால் சரியாகக் கேட்காது என்று இன்டர்நெட்டில் போட்டிருக்கிறது என்கிறான். வயரை எடுத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்லலாமா?
— கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்:

ஐயா,

உங்கள் மகன் படித்தது பொய்யில்லை. உள்ளே வயர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதற்கும், பெரியவர்களுக்கு எவ்வளவு பேச்சு புரிகிறது என்பதற்கும் சம்பந்தம் உண்டு. ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது எக்ஸ்ரே இல்லை. 'வெளியே போகும்போது மட்டும்' என்ற மூன்று சொற்கள்தான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் வயரைப் பார்த்துவிடுவோம், இல்லாவிட்டால் உங்கள் மனது அங்கேயே நின்றுவிடும்.

காக்ளியா, அதாவது ஒலியைக் கேட்கும் உள்காது உறுப்பு, ஒரு பட்டாணி அளவுதான். நத்தை ஓடு மாதிரி இரண்டரைச் சுற்றுக்குச் சற்றுக் கூடுதலாகச் சுருண்டிருக்கும். பிரித்து நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர் வரும், ஆளுக்கு ஆள் சில மில்லிமீட்டர் கூடும் குறையும். சுருளுக்குள் நீளவாக்கில் மூன்று குழாய்கள் ஓடுகின்றன. உங்கள் கேள்விக்கு அதில் இரண்டு போதும்: கீழே இருப்பது ஸ்காலா டிம்பனி, மேலே இருப்பது ஸ்காலா வெஸ்டிபுலி. கீழ்வீடு, மாடிவீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே மெல்லிய சவ்வும், வெற்றிலை விளிம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் எலும்புத் தகடும் இருக்கின்றன. சுருளின் மையத்தில் மோடியோலஸ் என்கிற நடுத்தண்டு. கேட்கும் நரம்பின் செல்கள் இருப்பது அந்தத் தண்டுக்குள்தான். வாசல் பக்கத்தில் கீச்சு ஒலிகளுக்கான நரம்புகள், உள்ளே போகப் போகக் கனத்த ஒலிகளுக்கானவை.

எலக்ட்ரோடுகள், அதாவது நரம்புக்கு மின்சாரம் கொடுக்கும் புள்ளிகள், பதித்த வயர் போக வேண்டிய இடம் கீழ்வீடு. வட்ட ஜன்னல் வழியாகவோ, அதன் பக்கத்தில் சின்னதாகத் துளை போட்டோ அதற்குள் விடுவார்கள். சொல்வது சுலபம். மெல்போர்னில் கிரேம் கிளார்க் இந்தக் கருவியை உருவாக்கிக்கொண்டிருந்தபோது நெடுநாள் தடுமாறியது இந்த இடத்தில்தான். வளைந்த குழாய்க்குள் எதை விட்டாலும் பாதியில் முட்டி நின்றது. 1977ல் குடும்பத்தோடு மின்னமுரா கடற்கரைக்குப் போனவர், மணலில் கிடந்த ஒரு சங்கை எடுத்து அதற்குள் புல்லை விட்டுப் பார்த்தார். அடி விறைப்பாகவும் நுனி தளர்வாகவும் இருந்த புல் சுருளோடு சுருளாக உள்ளே போனது. வயரையும் அப்படியே செய்தார். 1978 ஆகஸ்ட் 1 அன்று முதல் ஆபரேஷன். நம் ஊர்க்காரராக இருந்தால் தென்னை ஈர்க்கை எடுத்திருப்பார், அதுவும் அடி தடித்து நுனி மெலிந்ததுதானே.

புல் நன்றாகப் போய்விட்டது என்று கதை முடியவில்லை. முதல் சுற்றின் பாதி தாண்டும் வளைவில், அதாவது சுமார் 180 டிகிரியில், வயரின் நுனி சில நேரம் சவ்வைக் கிழித்துக்கொண்டு மாடிக்கு ஏறிவிடுகிறது. வெளியே நிற்கும் டாக்டரின் விரலுக்கு இது பல சமயம் தெரியவே தெரியாது. கைப்பிழை என்று உடனே முடிவு கட்டாதீர்கள், சிலரது காக்ளியாவின் வளைவே அப்படி. அப்படி ஏறினால் சவ்வும் எலும்புத் தகடும் சேதமாகின்றன, மிச்சமிருந்த இயற்கைக் கேட்புத்திறன் பெரும்பாலும் போய்விடும், உள்ளே தழும்புத் திசு வளரும்.

இது பேச்சைப் பாதிக்குமா? அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு இதைத்தான் வருடக்கணக்கில் பார்த்தது. இம்பிளான்ட் வைத்தவர்களை சி.டி. ஸ்கேன் எடுத்து, ஒவ்வொரு எலக்ட்ரோடும் எந்த அறையில் கிடக்கிறது என்று குறித்து, அதைச் சொற்களைப் புரிந்துகொள்ளும் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டார்கள். 2008ல் ஓர் ஆய்வு வந்தது. 2013ல் பேச்சு பழகிய பிறகு காது போன 114 பெரியவர்களை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்து இன்னொன்று. மாடியில் கிடக்கும் எலக்ட்ரோடுகள் அதிகமானால் மதிப்பெண் குறைகிறது. நடுத்தண்டுக்கு நெருக்கமாக இருந்தால் கூடுகிறது. இந்த இரண்டும் பிறகு பல இடங்களில் உறுதியாகியிருக்கின்றன. ஆனால் அதே 114 பேரில் வயதும், கேட்காமல் கழிந்த வருடங்களும்கூடக் கணக்கில் வந்தன. மகன் படித்த இடத்தில் இந்தப் பகுதியை விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

வயரில் இரண்டு சாதி உண்டு. ஒன்று நேரானது, வெளிச்சுவரை ஒட்டிப் படுக்கும். இன்னொன்று முன்கூட்டியே வளைத்துச் செய்தது, உள்ளே போனதும் சுருண்டு நடுத்தண்டைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். நரம்புக்கு அருகில் இருப்பதால் வளைந்தது நல்லதுதான், குறைந்த மின்சாரம் போதும், ஒவ்வொரு எலக்ட்ரோடும் தன் பகுதி நரம்பை மட்டும் தொடும். ஆனால் மாடிக்கு ஏறும் ஆபத்து, குறிப்பாகக் கம்பி வைத்துச் செலுத்தும் பழைய வளைந்த வகையில், நேர் வயரைவிடப் பல மடங்கு அதிகம். சரியாக உட்கார்ந்தால் வளைந்ததே மேல், ஏறிவிட்டால் அந்த லாபம் கரைந்துபோகும். எது சிறந்தது என்று கம்பெனிகளும் டாக்டர்களும் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். உங்களுக்கு எந்த வகை வைத்தார்கள் என்பது கருவியோடு கொடுத்த அடையாள அட்டையில் மாடல் பெயராக இருக்கும்.

ஆழம் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். வயர் எவ்வளவு உள்ளே போனதோ அவ்வளவு நல்லது என்று ஒரே வாய்ப்பாடு கிடையாது. நேர் வயருக்கு ஆழம் உதவலாம். வளைந்த வயரை அளவுக்கு மீறித் தள்ளினால் வாசல் பக்கம் காலியாகிவிடும், தண்டை விட்டும் விலகும்.

சரி, உங்கள் 1, 2 எலக்ட்ரோடு. உங்கள் வகைக் கருவியில் எண் 1 வாசல் பக்கம், 22 தான் உள்கோடி. (ஆஸ்திரியாவின் மெட்-எல் கருவியில் நேர்மாறு, 1 தான் உள்ளே. இரண்டு கம்பெனியையும் பார்க்கும் எங்களுக்கே காலையில் முதல் காபிக்கு முன்னால் குழம்பும்.) வாசலில் இருக்கும் ஒன்றிரண்டு எலக்ட்ரோடுகள் காக்ளியாவுக்கு வெளியே நின்றாலோ, ஒலிக்குப் பதில் கூச்சத்தையோ முகத்தில் துடிப்பையோ கொடுத்தாலோ அணைத்துவிடுவோம். அவற்றின் பங்கு ஒலி காணாமல் போவதில்லை, மென்பொருள் அதை மீதி 20க்கும் பங்கிட்டுக் கொடுத்துவிடும். அமைதியான இடத்தில் பேச்சைப் புரிந்துகொள்ள எட்டு எலக்ட்ரோடு அளவுக்குமேல் பெரிய லாபமில்லை என்றுதான் பல வருடம் நினைத்தோம். தண்டை ஒட்டி, கீழ்வீட்டிலேயே முழுக்கப் படுத்திருக்கும் வயர்களில் அதற்கு மேலும் லாபம் உண்டு என்று பிறகு தெரிந்தது. எப்படிப் பார்த்தாலும் 22க்கும் 20க்கும் உள்ள வித்தியாசம் உங்கள் தகர டப்பாவை விளக்காது.

இன்னும் சொல்கிறேன். அமெரிக்காவில் நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில், ஸ்கேன் பார்த்து, ஒரே நரம்பை இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து இடிக்கும் எலக்ட்ரோடுகளை வேண்டுமென்றே அணைத்தார்கள். அப்படிக் குறைத்ததில் பலருக்குப் பேச்சு தெளிவானது. ஒரே மேடையில் எல்லாரும் ஒரே சமயத்தில் மைக்கில் பேசினால் என்ன ஆகும், அதுதான். அதனால் 'இரண்டு செத்துப்போச்சு' என்று நினைக்க வேண்டாம்.

கீச்சென்று கேட்பதற்குக் காரணம் வேறு. வளைந்த வயர் பொதுவாகக் காக்ளியாவில் ஒரு முழுச் சுற்றுக்குச் சற்று மேல்தான் போகும். அங்கே இருக்கும் நரம்பு இயற்கையில் சுமார் 800 முதல் 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்குச் சொந்தம். கருவியோ 200 ஹெர்ட்ஸ் அளவிலான கனத்த ஒலியை அந்த இடத்துக்கு அனுப்புகிறது. வேறு வழியில்லை, அதற்கு மேல் எலக்ட்ரோடு இல்லை. அதனால் உங்கள் மனைவியின் குரலும் அண்டை வீட்டு மாமாவின் குரலும் ஒரே மாதிரி உயரத்தில் ஏறி நிற்கும். மூளை இதைத் திருத்திக்கொள்ளும், மாதக்கணக்கில் ஆகும், தினமும் கேட்டால்தான் ஆகும். நாதஸ்வரம் பழையபடி கேட்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, கும்பகோணத்துக்காரர் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்: இடது காதில் மட்டும் கேட்டால் தவில்தான் முதலில் பிடிபடும். ராகத்துக்கு வலது காது மெஷின் துணை வேண்டும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. சாதாரண எக்ஸ்ரேயில் வயர் எத்தனை சுற்று போயிருக்கிறது, நுனி கொக்கி மாதிரி மடங்கியிருக்கிறதா, வாசலில் எத்தனை எலக்ட்ரோடு வெளியே நிற்கிறது என்பவை தெரியும். கீழ்வீடா மாடியா என்பது தெரியாது. உங்கள் மகன் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது, நான் பார்த்தாலும் தெரியாது. அதற்கு மெல்லிய வெட்டுகளாக எடுக்கும் சி.டி. வேண்டும், முடிந்தால் ஆபரேஷனுக்கு முந்தைய சி.டி.யோடு ஒப்பிட வேண்டும். உலோகத்தின் பளபளப்பு படத்தைக் கொஞ்சம் கெடுக்கும், இருந்தாலும் அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட் சொல்லிவிடுவார். யாராவது எம்.ஆர்.ஐ. எடுக்கலாம் என்றால் நில்லுங்கள் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் தோலுக்கடியில் காந்தம் இருக்கிறது, மாடலைப் பார்க்காமல் அந்த அறைக்குள் போகக்கூடாது.

ஆனால் சி.டி.க்கு முன்னால் செலவில்லாத இரண்டு வேலை. மேப்பிங்குக்கு, அதாவது ஒவ்வொரு எலக்ட்ரோடின் அளவையும் கம்ப்யூட்டரில் சரிசெய்துகொள்ள, போகும்போது இம்பிடன்ஸ் (மின்தடை) எண்களை, கருவியை முதலில் இயக்கிய ஸ்விட்ச் ஆன் நாளோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். வாசல் பக்கத்து எலக்ட்ரோடுகளில் ஒவ்வொன்றாக எண் ஏறிக்கொண்டே வந்தால், வயர் மெல்ல வெளியே நழுவுகிறதா என்று சந்தேகப்பட வேண்டும். என்.ஆர்.டி. என்கிற நரம்புப் பதில் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். உள்கோடி எலக்ட்ரோடுகளின் பதில் ஏறுமாறாக இருந்தால் நுனி மடங்கல் மீது கண் போகும். ஆபரேஷன் குறிப்பின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 'முழுமையாக உள்ளே சென்றது', 'தடை உணரப்பட்டது' என்பது மாதிரி ஒரு வரி அதில் இருக்கும். கேட்பது உங்கள் உரிமை, சங்கடப்பட வேண்டாம்.

மறுபடி ஆபரேஷன் எப்போது? நுனி மடங்கியிருந்தால், வயர் வெளியே நழுவியிருந்தால், கருவியே பழுதானால் யோசிக்கலாம், பெரும்பாலும் பலனும் கிடைக்கும். வயர் மாடிக்கு ஏறியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக உங்கள் நிலையில் திரும்பத் திறக்க நான் சம்மதிக்க மாட்டேன். கிழிந்த சவ்வு கிழிந்ததுதான். புது வயரை விட்டாலும் பழைய தடத்திலேயே ஓடப் பார்க்கும், சுற்றிலும் தழும்பு வேறு. அப்படிப்பட்டவர்களுக்கும் மேப்பிங்கில் செய்ய நிறைய இருக்கிறது. எந்தெந்த எலக்ட்ரோடு மாடியில் இருக்கிறது என்று சி.டி. சொன்னால், அவற்றை ஒவ்வொன்றாக அணைத்து, இரண்டு வாரம் கேட்டுப் பார்த்து, பிடிக்காவிட்டால் பழைய மேப்புக்கே திரும்பலாம். கத்தி வேண்டியதில்லை.

போனில் பேசும் அந்தப் பெண்ணோடு உங்களை ஒப்பிடுவதை விடுங்கள். அவருக்கு இரண்டு வருட மௌனம், உங்களுக்குப் பதினாறு. 2013ல் 15 மையங்களைச் சேர்ந்த 2,251 பெரியவர்களின் விவரத்தைச் சேர்த்துப் பார்த்தபோது, கேட்காமல் இருந்த காலம் நீள நீள மதிப்பெண் இறங்கியது, இம்பிளான்டோடு கழித்த காலம் கூடக் கூட ஏறியது. ஆனால் வயது, காது போன காரணம், காலம் எல்லாவற்றையும் சேர்த்தும் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் ஒரு சின்னப் பங்கைத்தான் விளக்க முடிந்தது. மீதியில் வயரின் இடம் ஒரு பங்கு. பழகும் விதம் இன்னொரு பங்கு. உங்கள் கையில் இருப்பது அதுதான்.

இங்கேதான் 'வெளியே போகும்போது மட்டும்' வருகிறது. பதினாறு வருடம் தூங்கிய காதை எழுப்பி நேராக பஸ் ஸ்டாண்டுக்கும் கடைத்தெருவுக்கும் அழைத்துப்போகிறீர்கள். அங்கே ஹார்ன் சத்தத்தில் நல்ல காதுக்காரர்களே 'என்ன?' என்கிறார்கள். அமைதியான வீட்டில், அது கற்றுக்கொள்ளக்கூடிய இடத்தில், கழற்றி டப்பாவில் வைத்துவிடுகிறீர்கள். காதில் மாட்டும் வெளிக்கருவியான உங்கள் புராசஸர், தினமும் எத்தனை மணி நேரம் போட்டீர்கள் என்று பதிந்து வைத்திருக்கும், கம்ப்யூட்டரில் இணைத்ததும் காட்டிவிடும். என்னிடம் வந்த ஒருவர் நாள் முழுக்கப் போடுகிறேன் என்று சத்தியம் செய்தார். திரையில் ஒன்றரை மணி நேரம் என்று நின்றது. பக்கத்தில் நின்ற அவர் மனைவி ஒன்றும் பேசவில்லை, என்னைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த முறை போகும்போது உங்கள் கணக்கைக் கேளுங்கள், வங்கியில் இருந்தவர் நீங்கள், எண்ணுக்கு மரியாதை கொடுப்பீர்கள். எழுந்து குளித்ததிலிருந்து படுக்கும் வரை, குறைந்தது பத்து மணி நேரம் போட வேண்டும். பெரியவர்களுக்கு முன்னேற்றம் முதல் ஆறு மாதத்தில்தான் வேகம், ஒரு வருடம் தாண்டியும் மெல்ல நீளும். உங்கள் ஐந்து மாதத்தில் கருவி உண்மையில் வேலை பார்த்த நேரம் எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள், எனக்கென்னவோ ஒரு மாதம்கூடத் தேறாது என்று படுகிறது.

மற்ற நேரமெல்லாம் வலது மெஷினும் இடது கருவியும் சேர்ந்தே இருக்கட்டும். ஆனால் தினமும் ஒரு மணி நேரம், இரண்டு அரை மணிகளாகப் பிரித்தாலும் சரி, வலது மெஷினைக் கழற்றிவிட்டு இடதுக்கு மட்டும் பாடம். முதலில் ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகள். பின்னாலிருந்து யாராவது சொல்ல, நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆறில் எது தவறுகிறதோ அதை எழுதி வைத்து ஆடியாலஜிஸ்டிடம் கொடுங்கள், மேப்பில் எந்த இடத்தைத் தொட வேண்டும் என்று அவருக்கு உடனே தெரியும். அடுத்து கல்-கால், பல்-பால் மாதிரி குறில் நெடில் ஜோடிகள். இவை சீக்கிரம் வந்துவிடும். அதன் பிறகு பல்-புல், மரம்-வரம். வலி, வழி, வளி பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள், அதில் காது நன்றாக உள்ளவர்களே கோட்டை விடுகிறார்கள்.

அப்புறம் வாசிப்பு. வீட்டில் ஒருவர் செய்தித்தாளை நிதானமாகப் படிக்கட்டும், நீங்கள் அதே வரியில் விரல் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஒரு வாரம் கழித்துத் தாளை மூடிவிட்டுக் கேளுங்கள். படிப்பவர் நடுவில் நிறுத்தினால் கடைசிச் சொல்லை நீங்கள் சொல்ல வேண்டும். முதல் வாரத்துக்கு ராசிபலன் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வரிகள் சின்னவை, அடுத்து 'தன வரவு' வருமா 'அலைச்சல்' வருமா என்று பாதியை நீங்களே ஊகித்துவிடலாம்.